எடுத்தோம், கழுவவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு அம்மா வீடு தேடி வந்தார். 2011-12இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையனின் தாய். அவன் போன வருஷம் பைக் விபத்தில் இறந்துவிட்டான். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குச் சின்ன வயதுப் படம் ஒன்று வேண்டுமாம்.

"பெரியவனானப்புறம் எடுத்ததெல்லாம் அவன் போன்லயே கெடக்கு டீச்சர். அதைத் திறக்க எங்களுக்குத் தெரியல. பள்ளிக்கூடத்துல எல்லாரையும் நிக்க வச்சு எடுத்தீங்களே, அது இருக்குமா?"

இல்லை. அந்தப் படத்தை எடுத்தது நான்தான். என்னிடமும் இல்லை.

என் பீரோவில் 1988 முதல் இருபது வருடத்து வகுப்புப் படங்கள் இருக்கின்றன. பக்கத்து ஊர் ஸ்டுடியோ அண்ணன் சைக்கிளில் வந்து எடுத்தவை. வகுப்பு பெஞ்சுகளை வேப்பமரத்தடிக்குத் தூக்கி வருவோம். உயரமான பிள்ளைகள் பெஞ்சு மேல், நடுவில் நாற்காலியில் ஆசிரியர்கள், குட்டிப் பிள்ளைகள் தரையில், முன்னால் வகுப்பும் வருடமும் எழுதிய சிலேட்டு. 120 பிலிம் ரோலில் பன்னிரண்டே படம்தான் வரும். அதில் எங்களுக்கு இரண்டு. அதனால் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தலை கலைந்தவனை அழைத்துச் சீவிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார்.

வேலை அதோடு முடியாது. நெகடிவில் பென்சிலால் மெல்லத் தீட்டி அம்மைத் தழும்பை மறைப்பார். இருட்டறையில் சிவப்பு விளக்கில் பிரிண்ட் போட்டு, ஹைப்போவில் போட்டு எடுத்து, ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலசுவார். ஹைப்போ மிச்சமிருந்தால் நாளடைவில் படம் மஞ்சளித்து மங்கிவிடும். "எடுக்கிறது ஒரு நிமிஷம் டீச்சர், கழுவுறதுலதான் ஆயுசு இருக்கு" என்பார். பிறகு அட்டையில் ஒட்டி, கீழே வரிசைப்படி பெயர் எழுதித் தருவார். 1988ஆம் வருடப் படம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

நான் கேமரா போன் வாங்கியதும் இதை நிறுத்தினேன். கெட்ட எண்ணம் இல்லை. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிரதி வாங்கக் காசிருக்காது. மற்ற பிள்ளைகள் வாங்கும்போது அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இனி செலவே இல்லை என்று நினைத்தேன். அடுத்த வருடம் அந்த போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. கடைக்காரர் சிம்மை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

காலம் மாறியதைக் குறை சொல்லவில்லை. முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் செய்தவர் கோடாக் கம்பெனி இன்ஜினியர் ஸ்டீவன் சாஸன். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய அதற்கு 23 விநாடி ஆனதாம். அதே கோடாக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 1960இல் தொடங்கிய நம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் மூடிப்போயிற்று. இந்த வெள்ளத்தில் எங்கள் ஸ்டுடியோ அண்ணன் எம்மாத்திரம்?

நல்லதும் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எத்தனையோ ஏழை வீடுகளில், இறந்தபின் நாற்காலியில் உட்கார வைத்து எடுத்ததுதான் ஒருவரின் முதல் படம், கடைசிப் படமும் அதுவே. இன்று கூலி வேலைக்குப் போகிற தாய்கூடத் தன் குழந்தை முதல் அடி வைப்பதைப் படம் பிடிக்கிறாள். இதை வேண்டாமென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படம் எடுப்பது நம் கைக்கு வந்துவிட்டது. கழுவுவது, பெயர் எழுதுவது, பத்திரமாக ஒப்படைப்பது என்று அண்ணன் செய்த மற்ற வேலைகளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கில் எடுத்து அப்படியே போட்டுவைத்திருக்கிறோம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி, கணினியில் ஏற்றிப் பாதுகாத்திருக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்க அட்டையும் நெகடிவும் எஞ்சியிருந்ததால் அது முடிந்தது. நம் போனை ஐம்பது வருடம் கழித்து யார் திறப்பார்கள்?

"எல்லாம் கிளவுடில் இருக்கு மேடம்" என்று என் பழைய மாணவர்கள் எழுதுவீர்கள். இருக்கட்டும், மகிழ்ச்சி. அதன் பாஸ்வேர்டு உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா?

பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு வகுப்புப் படம் எடுங்கள். போனிலேயே எடுங்கள், தவறில்லை. அதே வாரம் கடையில் கொடுத்து இரண்டு பிரிண்ட் போடுங்கள். பெயர்களை வரிசைப்படி ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னால் ஒட்டுங்கள். ஒன்று பள்ளிச் சுவரில், ஒன்று உங்கள் வீட்டில். பெற்றோர்களே, நீங்களும் பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு படமாவது காகிதத்தில் போட்டு வையுங்கள். ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற செலவுதான்.

அந்த அம்மாவை வெறும் கையோடுதான் அனுப்பினேன். வாசல்வரை போய், "பரவால்ல டீச்சர், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டுடியோ அண்ணனையே தொடர்ந்து வரச் சொல்லி, காசில்லாத பிள்ளைகளுக்கு நான் கொடுத்திருக்கலாம். அன்று அது தோன்றவில்லை.

2011-12 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே, அன்று உங்கள் வீட்டார் சிலர் அந்தப் படத்தை புளூடூத்தில் வாங்கிக்கொண்டது நினைவிருக்கிறது. பழைய போன், மெமரி கார்டு ஏதாவது பரணில் கிடந்தால் இன்றே தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். பிரிண்ட் போட்டு நானே அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.