பூசணிக்காயா? பூட்டா?

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் தொழிற்பாதுகாப்புப் படிப்பை முடித்துவிட்டு உத்தியோகம் தேடும் வாலிபர்கள், "சம்பளம் என்ன? கம்பெனி பெரிதா?" என்று மாத்திரம் விசாரிக்கிறார்களே ஒழிய, "அந்த முதலாளி என்னைப் பாதுகாப்பு வேலை செய்ய விடுவாரா?" என்று விசாரிப்பதாகக் காணோம். விசாரியாமல் போய்ச் சேருகிறவர் என்ன ஆகிறார்? காகிதத்தில் கையெழுத்துப் போடும் குமாஸ்தா ஆகிறார். விபத்து நடந்த அன்று, "பாதுகாப்பு அதிகாரியைக் கேளுங்கள்" என்று முதலாளி கைகாட்டுவதற்கு ஓர் ஆளாகிறார்.

முதலாளிகள் இந்த அதிகாரியை அன்பினாலா வைக்கிறார்கள்? சட்டம் சொல்லுகிறது; வைக்கிறார்கள். 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1976ல் சேர்த்த பிரிவு பொதுவாக 1000 தொழிலாளர் என்று கணக்கு வைத்தது. 2020ல் இயற்றி 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த சட்டத் தொகுப்போ, தொழிற்சாலையில் 500 பேர், அபாயமான தொழிலானால் 250 பேர், சுரங்கமானால் 100 பேர் இருந்தால் வைக்கவேண்டும் என்கிறது.

அப்படியானால் 20 பேர் வேலை செய்யும் ஜவ்வரிசி ஆலைக்கும், பள்ளிபாளையத்து விசைத்தறிக் கொட்டகைக்கும், திருச்செங்கோட்டு ரிக் லாரிக்கும் என்ன கதி? ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், பூசணிக்காய்! பல்சக்கரத்துக்குப் பொட்டு இருக்கும், மூடி இருக்காது. கை போனால் கண் திருஷ்டி. உயிர் போனால் தலைவிதி. தண்ணீர் விட்டுத் துளைத்தால் அடங்கும் கல்தூசி நுரையீரலில் படிந்து ஒருவன் இருமிச் செத்தால் அதுவும் விதிதானா?

பெரிய ஸ்தாபனமானால் யோக்கியதை தானே வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்ற யூனியன் கார்பைடு, பேர்பெற்ற அமெரிக்கக் கம்பெனியின் கிளை. விஷத் திரவத்தைக் குளிர வைக்கும் யந்திரம் அங்கே இருந்தது. செலவை மிச்சம் பிடிக்க நிறுத்தி வைத்திருந்தார்கள். நம் மேட்டூர் அனல் மின் நிலையம் சர்க்கார் ஸ்தாபனம். அங்கே 2024 டிசம்பரில் நிலக்கரித் தொட்டி சரிந்து மாண்ட இருவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பேரும் முத்திரையும் யாரைக் காப்பாற்றின?

ஆகவே வாலிபர்களே, முதலாளி உங்களைக் கேள்வி கேட்பதுபோல் நீங்களும் அவரைக் கேளுங்கள். ஆபத்தென்று கண்டால் யந்திரத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா, அல்லது உற்பத்தி மானேஜர் தயவுக்குக் காத்திருக்க வேண்டுமா? ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடிபட்டால் உங்கள் கணக்கில் ஏறுமா, கான்டிராக்டர் கணக்கில் மறையுமா? யந்திரத்துக்குள் இறங்கிப் பழுது பார்க்கிறவன் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறானா? பிறகு ஆலை வாசலில் நின்று, ஷிப்டு முடிந்து வருகிறவனிடம் இதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்திருந்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அதுவே தகுந்த இடம்.

"வயிற்றுப்பாடு இருக்கிறதே, வந்த வேலையை விடலாமா?" என்பீர்கள். நியாயந்தான், வேறு வழியில்லாதவர் சேரட்டும். ஆனால் கண்ட குறையை எழுத்தில் கொடுக்கட்டும்; நிறுத்தாத யந்திரம் பத்திரமாயிருக்கிறது என்று மாத்திரம் கையெழுத்துப் போடவேண்டாம். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒருவன் உள்ளே இறங்குகிறான்.