பழைய கிதாரின் விலையை ஆட்டி வைப்பது யார்?

2022-ம் ஆண்டில் உக்ரேனில் போர் மூண்டது. அமெரிக்காவில் பழைய கிதார் ஒலிபெருக்கிகளைப் பழுது பார்க்கும் செலவு ஏறியது!

2025-ம் ஆண்டில் வாஷிங்டனில் ஒரு உத்தரவு பிறந்தது. ஜப்பானில் இருந்து அமெரிக்காவுக்குப் போக வேண்டிய தபால் பார்சல்கள் தேங்கி நின்றன. அவற்றோடு பழைய கிதார்களும் நின்றன!

பழைய சாமான் வியாபாரம் என்றால் ஊருக்குள் நடக்கும் சின்ன வியாபாரம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒருவர் விற்கிறார். இன்னொருவர் வாங்குகிறார். நடுவில் ஒரு ரிப்பேர்காரர். இதற்கும் உலக அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

பாஸ் கிதார் வியாபாரத்தைக் கவனித்தால் அந்தச் சம்பந்தம் புரியும்.

நாலு தந்தி வாத்தியம்

சாதாரண கிதாருக்கு 6 தந்திகள். பாஸ் கிதாருக்குப் பெரும்பாலும் 4 தந்திகளே. ஆனால் அவை தடிப்பானவை. சினிமாப் பாட்டில் பாடகரின் குரலுக்கு அடியில் "தும், தும்" என்று நடந்து வருகிறதே, அந்தக் கனத்த ஒலி இதில் பிறப்பதுதான். மிருதங்கத்தில் இடது பக்கம் செய்யும் வேலையை மேல்நாட்டுக் கச்சேரியில் இது செய்கிறது.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆள் உயரப் பிடில் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. ஒலியும் கூட்டத்தில் அமுங்கிவிடும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் புல்லர்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே லியோ பெண்டர் என்பவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! ஆனால் எந்தப் பொருளையும் எப்படிப் பழுது பார்ப்பது என்பது தெரியும். அவர் 1951-ம் ஆண்டில் "பிரிசிஷன் பாஸ்" என்ற மின்சார பாஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அதன் உடல் ஒரு மரப் பலகை. கழுத்து இன்னொரு மரம். இரண்டையும் 4 திருகாணிகள் இணைத்தன. கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறு கழுத்து மாட்டலாம். அடுத்த ஆண்டே அந்தக் கிதாரின் ஒலியைப் பெருக்கிக் கொடுக்க "பாஸ்மேன்" என்ற ஆம்பிளிபயரையும் அவர் செய்தார்.

கழற்றி மாட்டக்கூடிய பொருள் என்பதால்தான் 70 ஆண்டுகளுக்குப் பிறகும் அது கைமாறிக் கொண்டிருக்கிறது.

இரண்டு சந்தைகள்

பழைய பாஸ் கிதாருக்கு இன்று இரண்டு சந்தைகள் உண்டு.

ஒன்று பணக்காரர் சந்தை. 1965-ம் ஆண்டு ஜனவரியில் லியோ பெண்டர் தமது கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனிக்கு ஒரு கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு தரம் குறைந்தது என்ற பேச்சு வந்தது. அதனால் 1965-க்கு முந்திய கிதாருக்குத் தனி மதிப்பு. அதை வாங்குபவர்கள் பலர் வாசிப்பதற்காக வாங்குவதில்லை. நிலம், தங்கம் வாங்குவது போல் வாங்குகிறார்கள்.

மற்றொன்று ஏழைகளின் சந்தை. புதிய வாத்தியம் வாங்க வசதி இல்லாத வாலிபர் அடகுக் கடையிலும் பழைய வாத்தியக் கடையிலும் தேடுகிறார். நூறு இருநூறு டாலருக்கு ஒரு கிதார் கிடைத்தால் கச்சேரிக்குப் போகலாம். நாலு காசு சம்பாதிக்கலாம்.

இப்போது கடையோடு இன்டர்நெட் சந்தையும் சேர்ந்துவிட்டது. இதில் பெரியது "ரிவெர்ப்" என்பது. 2013-ம் ஆண்டில் சிகாகோவில் தொடங்கியது. 2019-ம் ஆண்டில் "எட்ஸி" கம்பெனி அதை 27 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2025-ம் ஆண்டில் அது மறுபடி கைமாறியது. வாங்கிய இருவரில் ஒன்று, சர்வ்கோ குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி. பெண்டர் கிதார் கம்பெனியின் பெரும் பங்கும் இந்த சர்வ்கோவிடம்தான் இருக்கிறது. புதிய கிதார் செய்யும் கம்பெனியின் முதலாளிக்குப் பழைய கிதார் சந்தையிலும் பங்கு வந்துவிட்டது!

கடல் கடக்கும் கிதார்

பாஸ் கிதாரின் எடை 4 கிலோ அல்லது 5 கிலோ. பெட்டியில் வைத்து எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். அதனால் அதற்கு உலகமே சந்தை.

முக்கியமாக ஜப்பான். டோக்கியோவில் ஒச்சனோமிசு என்ற பகுதியில் வரிசையாக வாத்தியக் கடைகள். 1982-ம் ஆண்டில் பெண்டர் கம்பெனி ஜப்பானில் கிதார் செய்யத் தொடங்கியது. அங்கே செய்த பழைய கிதார்களுக்கு நல்ல பெயர். அமெரிக்க ரிப்பேர்காரர்கள் அவற்றை வரவழைத்து, பழுது பார்த்து, விற்று வந்தார்கள்.

800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு அமெரிக்காவில் சுங்க வரி கிடையாது என்பது 2016-ம் ஆண்டு முதல் விதி. அந்தச் சலுகையைச் சீனாவுக்கு 2025 மே மாதம் நிறுத்தினார்கள். ஆகஸ்டு 29-ந் தேதி முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தினார்கள்.

வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தபால் இலாகாக்களுக்குப் புரியவில்லை. ஜப்பான், ஜெர்மனி, இந்தியா உள்பட பல நாடுகள் அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்தி வைத்தன. இந்தியத் தபால் இலாகா அக்டோபர் 15-ந் தேதிதான் மறுபடி தொடங்கியது.

இதில் யாருக்கு நஷ்டம்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு:

ஒரு ரிப்பேர்காரர் 400 டாலருக்கு ஒரு பழைய பாஸ் கிதாரை வரவழைக்கிறார். தந்தி, திருகு முதலிய சாமான்களுக்கு 70 டாலர். விற்ற விலை 600 டாலர். சந்தைக் கட்டணம், பெட்டி கட்டும் செலவு 60 டாலர். கையில் நிற்பது 70 டாலர். அது அவருடைய கூலி.

இப்போது 400 டாலருக்கு 15 சதவீதம் வரி என்றால் 60 டாலர் போய்விடும். கையில் நிற்பது 10 டாலர்!

இனி அவருக்கு இரண்டே வழி. விலையை ஏற்ற வேண்டும். அல்லது வாங்குவதை நிறுத்த வேண்டும். இரண்டிலும் கஷ்டப்படுவது முதல் கிதாரைத் தேடும் வாலிபர்தான். அரிய கிதாருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிற பணக்காரருக்கு 60 டாலர் பெரிதல்ல.

நீலகிரி மரம்

வரிக்கு முன்பே ஒரு காட்டுச் சட்டமும் இந்தச் சந்தையை உலுக்கியது. கிதாரின் கழுத்தில், விரல் படும் பலகைக்கு ஈட்டி மரம் சிறந்தது. நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் ஈட்டி மரம் உலகெங்கும் கிதார் செய்யப் போகிறது. காடு அழிவதைத் தடுக்க, அந்த இன மரங்கள் எல்லாவற்றுக்கும் 2017 ஜனவரியில் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. பழைய கிதாரை வெளிநாட்டுக்கு விற்கவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. வியாபாரிகள் திண்டாடினார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் நாட்டு ஈட்டி மரத்துக்கு மட்டும் 1992-ம் ஆண்டிலேயே வந்த கடும் தடை நீடித்தது.

வால்வு வரும் வழி

ஆம்பிளிபயரின் கதை வேறு. அது கனமான பெட்டி. 1969-ம் ஆண்டில் "ஆம்பெக்" கம்பெனி 300 வாட் சக்தியுள்ள எஸ்.வி.டி. என்ற ஆம்பிளிபயரைச் செய்தது. ஸ்பீக்கர் பெட்டி இல்லாமலே அதன் எடை சுமார் 40 கிலோ! அதைக் கடல் கடந்து அனுப்பினால் கூலியே விலையை விழுங்கிவிடும். மேலும் அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். ஐரோப்பாவில் 230 வோல்ட். தெரியாமல் மாட்டினால் பெட்டி புகைந்துவிடும். ஆகவே ஆம்பிளிபயர் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கைமாறுகிறது.

அப்படியானால் வெளிநாட்டு விவகாரம் அதைத் தொடாதா? தொடும். வால்வு வழியாகத் தொடும்.

வீட்டில் வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் தணல் போல் சிவந்து எரியும். ரேடியோவில் இருந்து வால்வு மறைந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் கிதார் வாசிப்பவர்கள் அதை விடவில்லை. அதன் ஒலியில் ஒரு கனிவு இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். வால்வு தேய்ந்து போகும் பொருள். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்.வி.டி.யில் பெரிய வால்வுகள் மட்டும் 6.

அந்த வால்வுகளைப் பெருமளவில் செய்பவை மூன்று நாடுகள். ரஷியா, சீனா, ஸ்லோவாகியா. ரஷியாவில் சாரட்டோவ் நகரில் உள்ள தொழிற்சாலை ஓர் அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தம். பழைய இங்கிலாந்து ரேடியோக்களில் "முல்லார்டு" என்ற பெயர் பிரசித்தம். இன்று கிதார்க்காரர்கள் வாங்கும் முல்லார்டு வால்வு அந்த சாரட்டோவில் செய்ததே!

உக்ரேன் போரையொட்டி, 2022 மார்ச்சில் ரஷியா சுமார் 200 வகைப் பொருள்களின் ஏற்றுமதியைத் தடை செய்தது. வால்வும் அதில் சிக்கியது. கடைகளில் இருந்த வால்வுகளைப் பலர் வாங்கிக் குவித்தார்கள். பிறகு அனுமதி கிடைத்து வால்வு மறுபடி வந்தது. ஆனால் அமெரிக்கா ரஷியச் சரக்குகள் மீது வரியை உயர்த்தியது. விலையும் ஏறியது. ஒரு வால்வுக்கு ஏறும் ஒவ்வொரு டாலரும் எஸ்.வி.டி. வைத்திருப்பவருக்கு 6 டாலர்!

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய பாஸ் கிதார் வாங்குபவர் முதலில் அதன் கழுத்தைப் பார்க்க வேண்டும். தந்திகளின் இழுப்பால் கழுத்து வளையும். உள்ளே ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. சாவியால் கால் சுற்று திருகினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கம்பியே திரும்பாவிட்டால் கிதாரைத் தொடக் கூடாது. திருகினால் கரகரக்கும் குமிழ் பயப்பட வேண்டிய நோய் அல்ல. தூசியைத் துடைத்தால் தீரும்.

உள்ளே குமிழின் அடியில் சில சமயம் எண்கள் இருக்கும். உதாரணமாக 1376633 என்று இருந்தால், 137 என்பது குமிழைச் செய்த கம்பெனியின் எண். 66 என்பது 1966-ம் ஆண்டு. 33 என்பது 33-வது வாரம். "1962-ம் ஆண்டுக் கிதார்" என்று சொல்லி விற்பவரின் வாத்தியத்தில் இந்தக் குமிழ் இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதிய பெயிண்ட் அடித்திருந்தால் அரிய கிதாரின் விலை பாதியாகக்கூடக் குறையும்.

ஆம்பிளிபயரை வீட்டில் திறந்து பார்க்கும் ஆசை ஆபத்தானது. வால்வு ஆம்பிளிபயருக்குள் மின்சாரம் சிலவற்றில் 500 வோல்ட்டையும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து! இரண்டு கம்பி பிளக் உள்ள பழைய பெட்டிக்கு எர்த் கம்பியோடு கூடிய மூன்று கம்பி பிளக்கை, பயிற்சி பெற்றவரிடம் கொடுத்து மாற்ற வேண்டும்.

திருட்டுப் பொருளா என்றும் பார்ப்பது அவசியம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 30 பவுனுக்கு வாங்கிய பாஸ் கிதார் 1972-ம் ஆண்டில் லண்டனில் திருடு போனது. 2023-ம் ஆண்டில் பொதுமக்களிடம் தகவல் கேட்டுத் தேடினார்கள். ஒரு வீட்டுப் பரணில் இருந்தது தெரிய வந்தது. உரியவரிடம் திரும்பியது. டிட்ராய்ட் நகரின் புகழ் பெற்ற பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1983-ம் ஆண்டில் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அவருடைய கிதார் திருடு போனது. வந்து சேரவே இல்லை.

ரிப்பேர் செய்ய முடியாத பெட்டி

வரி வரும், போகும். போரும் ஒரு நாள் ஓயும். இந்தச் சந்தைக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது.

இன்றைய பாஸ் ஆம்பிளிபயர்களில் பல 2 கிலோ, 3 கிலோதான். கைப்பையில் அடங்கும். சத்தமோ பழைய 40 கிலோ பெட்டிக்கு ஈடானது. இது பெரிய வசதிதான். ஆனால் அதன் பாகங்கள் அரிசியைவிடச் சிறியவை. பழுது வந்தால் பாகத்தை மாற்றுவது கடினம். முழுப் பலகையையே மாற்ற வேண்டும். அந்தப் பலகையைக் கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டால் பெட்டி குப்பைக்குத்தான்.

இந்தத் தொல்லை கிதார்க்காரர்களுக்கு மட்டும் அல்ல. போன், கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. அதனால் "பழுது பார்க்கும் உரிமை" கேட்டு அமெரிக்காவில் குரல் எழுந்தது. கலிபோர்னியா, மின்னசோட்டா மாகாணங்களில் 2024 ஜூலை முதல் இதற்குச் சட்டம் அமலுக்கு வந்தது. மின்னணுச் சாதனம் செய்யும் கம்பெனிகள் உதிரிப் பாகங்களையும் பழுது பார்க்கும் குறிப்புகளையும் மற்றவர்களுக்கும் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

லியோ பெண்டர் காலத்து ஆம்பிளிபயரின் பெட்டிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எந்த இடத்தில் எந்த வால்வு என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்தக் காகிதத்தைப் படித்து, 70 ஆண்டுப் பழைய பெட்டியை இன்றைய ரிப்பேர்காரர் பாட வைக்கிறார். இன்று விற்கும் புதிய பெட்டியை 70 ஆண்டு கழித்து ஒருவர் திறக்கும்போது அவருக்கு உதவ ஏதாவது இருக்குமா? ஏழை வாலிபரின் முதல் வாத்தியம் இனியும் கிடைக்குமா என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.