கைப்பற்றும் கையே சான்றைக் கெடுப்பதா?

குருதி படிந்த கத்தியைக் கழுவிவிட்டு வழக்குமன்றத்தில் வைப்பவனைக் கள்ளனுக்குத் துணைபோனவன் என்றே உலகம் சொல்லும். ஊடுருவப்பட்ட கணிப்பொறியைக் கண்டபடி திறந்தும் மூடியும் சான்றழிப்பவனையோ எவரும் கேட்பதில்லை!

கணிப்பொறிச் சான்று நீர்மேல் எழுத்துப் போன்றது. மின்னிணைப்பைத் துண்டித்த நொடியிலேயே, நினைவகத்தில் இயங்கிய நச்சுநிரலின் சுவடும், அது எவனோடு தொடர்பு கொண்டிருந்தது என்னும் செய்தியும் மறைந்துபோகும். மீண்டும் இயக்கினாலோ, கோப்புகளின் காலக் குறிப்புகள் மாறிப்போகும். ஆகவே, முதலில் நினைவகத்தைப் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, எதனையும் எழுதவிடாத தடுப்புக் கருவியைப் பொருத்தி, வன்தட்டை முழுமையாகப் படியெடுத்தல் வேண்டும். அதன் உள்ளடக்கம் அனைத்தையும் கொண்டு கணக்கிட்ட அடையாள எண்ணை அவ்விடத்திலேயே உரியவரிடம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்ணே சான்றுக்குப் பூட்டு!

இப்பூட்டின் அருமையை ஒரு தமிழரின் சாவு உணர்த்தும். திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்து, சார்க்கண்டுப் பழங்குடியினரின் நிலவுரிமைக்கு உழைத்தவர் அருட்தந்தை இசுடான் சாமி. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்தோபர் 8-இல் அவர் தளைப்படுத்தப்பட்டார். நடுக்கு நோயால் குவளையைப் பிடிக்கவும் இயலாத அம்முதியவர், பிணை கிடையாமலே 2021 சூலை 5-இல் தம் 84-ஆம் அகவையில் மறைந்தார். அவர்தம் வழக்குரைஞர்கள் நாடிய ஆர்சனல் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் முடிவு 2022 திசம்பரில் வெளிவந்தது. 2014 முதலே அவர் கணிப்பொறி ஊடுருவப்பட்டிருந்தது. குற்றஞ்சாட்டும் கோப்புகள் அதில் திணிக்கப்பட்டன. 2019 சூன் 12-இல் காவல்துறை அதனைக் கைப்பற்றியதற்கு முந்தைய நாள், ஊடுருவியவன் தன் சுவடுகளை அழிக்க முனைந்தான் என்றது அவ்வாய்வு. நாளைய கைப்பற்றலை இன்றே அவனுக்கு உரைத்தவர் யார்?

இவ்வழக்கில் ஆர்சனல் கண்ட முடிவுகளை அரசுத்தரப்பு மறுத்தது. மறுக்கட்டும்! மறுப்பதற்கும் மெய்ப்பிப்பதற்கும் கெடாத படியன்றோ வேண்டும்? அப்படி ஒன்று வழக்குரைஞர் கைக்கு வந்திராவிடின் இவ்வினாவே எழுந்திராது.

2024 சூலை 1-இல் நடப்புக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்துக்கு வடமொழிப் பெயர் சூட்ட மறவாதவர்கள், வேண்டியதை மறந்தனர். மின்னணுப் பதிவை வழக்குமன்றத்தில் வைக்கும்போது அடையாள எண்ணுடன் சான்றிதழ் வேண்டும் என்கிறது அதன் 63-ஆம் பிரிவு. கைப்பற்றும்போதே அவ்வெண் பதியப்படாவிடின், இடைப்பட்ட நாள்களில் நிகழ்ந்ததை யார் அறிவார்? திறந்து கிடந்த வீட்டைக் களவு போனபின் பூட்டுவதால் பயன் என்ன?

கணிப்பொறியைக் கைப்பற்ற வருவோரிடம் ஒவ்வொரு தமிழரும் முதலில் அவ்வெண்ணைக் கேட்க வேண்டும். அடுத்து ஒரு படியைக் கேட்க வேண்டும். இரண்டையும் கொடுக்க மறுக்கும் அரசு சான்று தேடவில்லை; சான்று செய்கிறது!