பொருள் இழந்த பொருளியல் முதுகலை

"தமிழ் வாத்தியாருக்குப் பொருளியலில் என்ன வேலை?" என்ற கேள்வி எழும் என்பதை அறிந்தே இதனை எழுதத் தொடங்குகிறோம். வேலை இருக்கிறது ஐயா. நம் அரசு கலைக் கல்லூரிகளில் எம்.ஏ. பொருளியல் படிப்போருள் கணிசமானோர் தமிழில்தான் தேர்வு எழுதுகின்றனர். அவர்கள் எழுதும் தமிழ் அவர்களைச் சிந்திக்க விடுகிறதா என்பது பொருளியல் துறைக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

நம் குற்றச்சாட்டை முதலிலேயே வைத்துவிடுவோம். இரண்டாண்டுகள் முதுகலைப் பொருளியல் படித்து வெளியேறும் மாணவரை, அவர் பிறந்து வளர்ந்த ஊரின் பொருளாதாரத்தைப் பற்றிச் சொந்தத் தமிழில் பத்துப் பக்கம் எழுத நம் கல்லூரிகளுள் பல ஆயத்தப்படுத்துவதில்லை. எழுதும்படி கேட்பதுகூட இல்லை. இறுதிப் பருவத்தில் 'ஆய்வேடு' என்று ஒன்று உண்டு. அது எந்த ஜெராக்ஸ் கடையில், யாருடைய பழைய ஏட்டிலிருந்து, எந்த மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி உருவாகிறது என்பது மாணவருக்கும் தெரியும், மேற்பார்வையாளருக்கும் தெரியும், வாய்மொழித் தேர்வுக்கு வருபவருக்கும் தெரியும்.

சமநோக்கு வளைகோடு ஆதியை நோக்கிக் குவிந்திருக்கும் என்று எழுதுகிறார் மாணவர்; படமும் பிழையின்றி வரைகிறார். ஏன் குவிந்திருக்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறார். ஒரு பொருள் நம்மிடம் குறையக் குறைய அதில் மேலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மனம் தயங்கும் என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. ரேஷன் அரிசியையும் கடை அரிசியையும் கலந்து குடும்பம் நடத்தும் தாய்க்குத் தெரிந்த செய்தி இது. மகனுக்குக் கோடு தெரிகிறது, செய்தி தெரியவில்லை.

இங்கே வழக்கமான சமாதானம் ஒன்று வரும்: "தமிழில் கலைச்சொல் இல்லை." இது பொய். இறுதிநிலைப் பயன்பாடு, தேவை நெகிழ்ச்சி, நுகர்வோர் உபரி, வாய்ப்புச் செலவு எல்லாம் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிப் பாடங்களுக்கென வரிசையாகத் தமிழ் நூல்களை வெளியிட்டது. இலங்கைத் தமிழர் 'இறுதிநிலை' என்பதை 'எல்லை' என்று வழங்கித் தங்களுக்கெனத் தனிச் சொல்வழக்கே கண்டனர். சொல்லுக்குப் பஞ்சமில்லை, வாக்கியத்துக்குத்தான் பஞ்சம். இன்று விற்கும் வினா-விடை நூல்களின் தமிழ், ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்த் தோலைப் போர்த்தியது. மனத்துக்குள் அதனை மீண்டும் ஆங்கிலமாக்கினால்தான் விளங்கும். அந்த ஆங்கிலம் கைவராததால்தானே அவர் தமிழ்வழிக்கே வந்தார்?

ஆல்ஃபிரட் மார்ஷல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர். தேவைக் கோட்டையும் நெகிழ்ச்சியையும் உலகெங்கும் வகுப்பறைக்குக் கொண்டுசென்றதில் அவர் நூலுக்குப் பெரும் பங்குண்டு. அவர் 1906இல் பௌலி என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழிமுறை கூறுகிறார். கணிதத்தைச் சுருக்கெழுத்துப் போலப் பயன்படுத்து. முடித்ததும் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுது. வாழ்க்கையில் முக்கியமான எடுத்துக்காட்டுகளால் விளக்கு. பிறகு கணிதத்தை எரித்துவிடு. எடுத்துக்காட்டுக் கிடைக்கவில்லையென்றால் பெயர்த்தெழுதியதையும் எரித்துவிடு என்பது அதன் சாரம். கணிதம் வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் இன்றி இன்று முதுகலை இல்லை. மார்ஷல் தம் மொழியில் பெயர்த்தெழுதச் சொன்ன அந்தப் படி நம் பாடத்தில் எங்கே என்பதே நம் கேள்வி.

எடுத்துக்காட்டுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். முதல் மாதமே பணம் வேண்டியவர் 20,000 ரூபாய் தள்ளி 80,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார். நடத்துபவரின் கழிவு 5,000 ரூபாய் போக எஞ்சிய 15,000 ரூபாய், தலைக்கு 750 ரூபாயாகப் பிரிகிறது. முதலில் எடுத்தவர் கடனாளி; கடைசி வரை காத்திருப்பவர் சேமிப்பாளர். வட்டி இவ்வளவு என்று எவரும் அறிவிக்கவில்லை. ஏலமே அதனைக் கண்டுபிடிக்கிறது. பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் தள்ளு ஏன் கூடுகிறது? சீட்டை எடுத்தபின் கட்டாமல் ஓடிவிடுவார் என்று ஐயப்படுபவரை நடத்துபவர் முதலிலேயே ஏன் சேர்ப்பதில்லை? இக்கேள்விகளில் காலவிருப்பம் இருக்கிறது, கடன்சந்தை இருக்கிறது. பழைய கார்களின் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதி 2001இல் நோபெல் பரிசு பெற்ற தகவல் ஏற்றத்தாழ்வுக் கோட்பாடும் இருக்கிறது. தாய் சீட்டுக் கட்டிய பணத்தில் படிக்க வந்த பிள்ளைக்கு, அந்தச் சீட்டே பாடம் என்று சொல்ல வகுப்பறையில் ஆளில்லை.

இது புதுமையான கோரிக்கையும் அன்று. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்து ஊர்களை ஆராயச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களின் நிலமும் கூலியும் கடனும் 1918இல் நூலாயின. தாமஸும் ராமகிருஷ்ணனும் அவ்வூர்கள் பலவற்றை 1936-37இல் மீளாய்வு செய்தனர். இருவேல்பட்டை ஆய்வாளர்கள் 2008 வரை பின்தொடர்ந்திருக்கின்றனர். தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிய இந்தத் தொடரைத் தொடங்கிவைத்தது மாணவர்களின் கள உழைப்பு. அன்று ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. இன்று தமிழில் எழுதத் தடையில்லை. ஆனால் எழுதும் வழக்கம் போய்விட்டது.

"இதெல்லாம் சரி, வேலை கிடைக்குமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நெட் தேர்வின் பொருளியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. ஆக, தமிழ்வழி மாணவருக்கு நம்பிக்கை தருவது மாநிலப் பணிதான். அங்கே தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; பள்ளி முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. அச்சட்டத்தை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். ஆனால் சட்டம் பார்ப்பது சான்றிதழை. அந்தச் சான்றிதழுக்குப் பின்னே மனப்பாடம் மட்டும் இருந்தால், நாளை எவரேனும் 'தமிழ்வழி என்றால் தரம் இல்லை' என்று சொல்லும்போது விடையளிக்க வேண்டியவர் அந்த மாணவர்தான், கற்பித்தவர்கள் அல்லர். பாதிக்கப்படுவோர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் சினத்துக்குக் காரணம் இதுவே.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இலக்கிய அன்பர்களும் இந்தக் குற்றத்துக்கு உடந்தை. பொருளியலை நம்மவரிடம் சொன்னால் பொருட்பாலைச் சுட்டி, எல்லாம் வள்ளுவர் சொல்லிவிட்டார் என்று கைகழுவுவர். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்வது, டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலைச் சொல்வது. தமிழ் முதுகலை மாணவர் அவற்றில் பாத்திரப் படைப்பும் வருணனையும் தேடுகிறார். கூலி எவ்வாறு தீர்மானமாகிறது என்று கேட்பதில்லை. அடுத்த கட்டடத்தில் கூலிக் கோட்பாடு படிக்கும் மாணவருக்கு இப்படி நாவல்கள் இருப்பதே தெரியாது. இரு துறைக்கும் இடையே இருப்பது ஒரு வேப்பமரம். கடப்பதற்கு எவருக்கும் மனமில்லை.

நாம் கேட்பவை சில. முதுகலைப் பொருளியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றிய ஒரு கள ஆய்வைச் சொந்தத் தமிழில் எழுதட்டும். அதன் வாய்மொழித் தேர்வில் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் அமரட்டும்; மாணவரின் வாக்கியம் விளங்குகிறதா என்று அவர் பார்க்கட்டும். நல்லவற்றைக் கல்லூரி அச்சிட்டு நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த ஆண்டு மாணவர் அதே ஊருக்குச் சென்று எது மாறியது என்று பார்க்கட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். பழைய ஆய்வேடுகளுக்கு அட்டை மாற்றுவதை நிறுத்தும் துணிவு இருந்தால் போதும். அந்தத் துணிவும் இல்லையென்றால், தமிழ்வழிக் கல்வி என்று மேடையில் முழங்குவதையாவது நிறுத்திக்கொள்வோம்.