குறுக்கெழுத்து: விளையாட்டா, வசவா?

குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றி எழுத வந்து விட்டோமே, நாட்டில் வேறு விஷயமே இல்லையா என்று தோழர்களில் சிலர் நினைக்கலாம். வேலை மெனக்கெட்டவர்கள் பொழுது போக்கச் செய்கிற காரியம் தானே, இதில் மானம் எங்கே, அவமானம் எங்கே என்றும் கேட்கலாம். பொழுதுபோக்கு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனை இழிவு செய்கிற சொல் பொழுதுபோக்கின் பேரால் வருமானால், நேரான வசவாக வருவதை விட அதில் தான் கெடுதி அதிகம் என்பது நமது அபிப்பிராயம். வசவென்றால் எதிர்த்துக் கேட்கலாம். விளையாட்டென்று சொல்லி விட்டாலோ, எதிர்த்துக் கேட்கிறவன் தான் ரசனை இல்லாத முரடன் ஆகி விடுகிறான்.

இந்த விளையாட்டு மிகப் பழமையானதும் அல்ல. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ல் ‘நியூயார்க் வோர்ல்ட்’ என்ற பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் ஆரம்பித்து வைத்தார். அதை நேரான கேள்வியாக இல்லாமல் மறைபொருளாகக் கேட்கும் வித்தையாக ஆக்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ‘அப்சர்வர்’ பத்திரிகையில் 1926 முதல் எழுதிய எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் தமக்கு வைத்துக் கொண்ட புனைபெயர் ‘டார்க்கமடா’. அவன் யார் தெரியுமா? ஸ்பெயின் தேசத்தில் மத விசாரணை என்ற பேரால் மனிதர்களைச் சித்திரவதை செய்த கூட்டத்தின் தலைவன்! அவருக்குப் பின் 1939-ல் வந்தவர் ‘ஷிமனீஸ்’, 1972-ல் வந்தவர் ‘அஸெட்’. இவையும் அதே கூட்டத்துத் தலைவர்களின் பெயர்களே; கடைசிப் பெயர் தலைகீழாகத் திருப்பியது. படிப்பவர் மண்டையைக் குடைவதால் வேடிக்கையாக வைத்துக் கொண்ட பெயர்கள். இதை நாம் குற்றம் சொல்லவில்லை. கொடுமை செய்தவனைக் கேலிப் பொருளாக்குவது நல்லது தான். கொடுமைக்கு ஆளானவனைக் கேலிப் பொருளாக்குவது தான் கூடாது.

இந்த மறைபொருள் வித்தை எப்படி நடக்கிறதென்று தமிழிலேயே காட்டுவோம். ‘கப்பல் முனையில் விதை விதைத்தால் புலவனுக்கு விளைவது’ என்று ஒரு குறிப்பு. கட்டம் மூன்று. கப்பலின் முனை, அதாவது முதல் எழுத்து, ‘க’. அதோடு ‘விதை’ சேர்த்தால் ‘கவிதை’. அவ்வளவு தான். இனி அதே விடைக்கு இன்னொருவர், ‘கபோதி தலையில் விதை’ என்று எழுதுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கணக்குத் தப்பவில்லை, அதே ‘க’ தான் கிடைக்கிறது. ஆனால் கண் தெரியாத ஒருவரின் பெண்ணோ பிள்ளையோ காலையில் அதைப் படித்தால் என்ன ஆகும்? ‘க’ என்ற எழுத்துக்குக் கப்பல் இல்லையா, கடல் இல்லையா, கத்தரிக்காய் இல்லையா? விடைச் சொல்லையாவது கட்டங்கள் நெருக்கின என்று சொல்லலாம். குறிப்பின் வாசகத்தை எந்தக் கட்டமும் நெருக்குவதில்லை. அதை எழுதுகிறவர் தாமாகவே தேடி எடுத்து வைக்கிறார். ஆகவே அந்தச் சொல்லுக்கு முழுப் பொறுப்பாளி அவரே.

இங்கிலீஷில் எழுத்துக்களைக் கலைத்து மாற்றிப் போடு என்பதற்கு அடையாளமாகப் ‘பைத்தியம்’, ‘கிறுக்கு’ என்ற பொருளுள்ள வார்த்தைகளைச் சர்வ சாதாரணமாகப் போடுகிறார்கள். ‘டார்ட்’ என்றால் ஒரு பலகாரம். விலைமகளுக்கும் அதுவே கொச்சைப் பெயர். இந்த இரட்டை அர்த்தத்தில் எத்தனை புதிர் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன! ஆண்களுக்கு இப்படி ஒரு பலகாரப் பெயர் ஏனோ கிடைக்கவில்லை.

‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை 1942-ல் குறுக்கெழுத்தைத் துவக்கிய போது அதன் முதல் புதிர் ஆசிரியையான மார்கரெட் ஃபாரர் அம்மையார் வியாதி, சாவு போன்றவை வரக் கூடாது என்று வைத்திருந்தார். காலைப் பலகாரம் சாப்பிடுகிறவருக்கு அருவருப்பு உண்டாகக் கூடாது என்பது கருத்து. நல்லது தான். ஆனால் யாருடைய பலகாரம்? 2019 ஜனவரி முதல் தேதி, அதே பத்திரிகையின் புதிரில் ‘பீனர்’ என்ற விடை வந்தது. தலையைக் குறி பார்த்து எறிகிற பந்து என்று குறிப்பு. அமெரிக்காவிலுள்ள மெக்சிகோ மக்களுக்கோ அது அவர்களைப் பழித்துச் சொல்லும் சொல். எதிர்ப்புக் கிளம்பியதும் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். கேட்டது சரி. ஆனால் குற்றமற்ற வேறு அர்த்தம் ஒன்று இருந்தால் அந்தச் சொல்லைப் போடலாம் என்பதே தமது எண்ணம் என்றும் அவர் சொன்னார். இந்தச் சமாதானத்தை நம்மால் ஒப்புக் கொள்ள முடியாது. கட்டத்தில் எழுதப்படுவது சொல் தானே ஒழிய, அதன் இரண்டு அர்த்தங்களில் நல்லது மட்டும் அல்ல.

இது நமக்கு எட்டாத அமெரிக்க விவகாரம் என்று எண்ணி விட வேண்டாம். இங்கிலீஷ் குறுக்கெழுத்துக்களில் அடிக்கடி வரும் விடைகளில் ‘பரையா’ என்பது ஒன்று. ஆறு எழுத்தில் மூன்று உயிரெழுத்து. கட்டம் நிரப்புகிறவர்களுக்கு வெகு சௌகரியம். அதற்குக் குறிப்பு ‘ஒதுக்கப்பட்டவன்’, ‘தள்ளி வைக்கப்பட்டவன்’ என்பது. அந்தச் சொல் எங்கிருந்து போயிற்று? இந்தத் தமிழ்நாட்டிலிருந்து போயிற்று. பறை என்ற வாத்தியத்தை ஒட்டிய பறையர் என்ற மக்கள் பெயர், 17-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் வாயில் ஏறி, யாரும் சேர்க்கத் தகாதவன் என்று பொருளாகி விட்டது. உயிரோடு இருக்கிற, உழைக்கிற, படிக்கிற, சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் அமர்கிற லட்சக்கணக்கான மக்களின் பெயர் அது. லண்டனில் ஒருவர் தேநீர் குடித்துக் கொண்டே அதைக் கட்டத்தில் நிரப்பி, ‘தள்ளப்பட்டவன், சரி’ என்று அடுத்த குறிப்புக்குப் போகிறார். பொது இடத்தில் தாழ்த்தப்பட்ட ஒருவரை இழிவு செய்யும் எண்ணத்தோடு அவமதித்தால் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். லண்டன்காரருக்கு அந்த எண்ணம் இல்லை, வாஸ்தவம். அந்தப் பெயருக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் அவருக்கு இல்லை. நமக்கு உறுத்துவது அது தான்.

‘அகராதியில் இருக்கிறதே’ என்பார்கள். இந்தப் பதிலை நாம் வேறு இடத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஏனய்யா ஒருவனைக் கிட்டே வரக் கூடாது என்கிறாய் என்று கேட்டால் ‘சாஸ்திரத்தில் இருக்கிறதே’ என்பார்கள். அகராதி ஒரு சொல் எப்படி வழங்கிற்று என்று பதிவு செய்கிற கணக்குப் புத்தகம். அதில் இருப்பதையெல்லாம் வழங்கு என்று அது யாருக்கும் உத்தரவு போடவில்லை.

இனி எதிர்ப்பக்கத்தையும் சொல்லி விட வேண்டும். புண்படுத்தக் கூடாது என்ற பேச்சைக் கேட்டதும், சாமியைப் பற்றிப் பேசாதே, சாமியாரைப் பற்றிப் பேசாதே, மந்திரியைப் பற்றிப் பேசாதே என்று ஒரு கூட்டம் கிளம்பி விடும். லண்டன் ‘டைம்ஸ்’ 1930-ல் குறுக்கெழுத்து துவக்கியது. ஆட்சியிலுள்ள அரசரோ அரசியோ தவிர உயிரோடிருக்கும் வேறு எவர் பெயரும் வரக் கூடாது என்று அதில் நெடுங்காலம் விதி இருந்தது. இது நாம் கேட்பதல்ல. தேரையும் திருநீற்றையும் பற்றி ஒருவர் குறும்பாகக் குறிப்பு எழுதினால் எழுதட்டும். பக்தருக்கு வருத்தமிருந்தால் பதில் குறிப்பு எழுதட்டும். அது கொள்கைக்கும் கொள்கைக்கும் உள்ள சண்டை. மனிதன் கொள்கையை மாற்றிக் கொள்ளலாம். பிறப்பையும், தோலின் நிறத்தையும், பார்வையில்லாத கண்ணையும் எதைக் கொண்டு மாற்றுவான்?

செய்ய வேண்டியது சிரமமான காரியமும் அல்ல. விடை உறுத்தினால் கட்டத்தின் அந்த மூலையைக் கலைத்து வேறு சொல் போடலாம்; இன்று அதற்குக் கம்ப்யூட்டரே துணை செய்கிறது. அதைவிட முக்கியம், அச்சுக்குப் போகுமுன் யார் யார் படித்துப் பார்க்கிறார்கள் என்பது. ஒரே தெருவில் பிறந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நாலு பேர் மாறி மாறிப் பார்த்தால் நாலு பேர் கண்ணுக்கும் ஒன்றே தான் தெரியும். ‘நியூயார்க் டைம்ஸுக்கு’ப் புதிர் எழுதுகிறவர்கள் பலர் 2020-ல் கையெழுத்திட்டுக் கேட்டதும் இதைத் தான்: தேர்ந்தெடுக்கிற இடத்தில் பெண்களும் வெள்ளையரல்லாதாரும் உட்கார வேண்டும் என்பது. நம் தோழர்களில் இங்கிலீஷ் தினசரி வாங்குகிறவர்கள், அந்த ஆறெழுத்துச் சொல் மறுபடி வருகிற அன்றைக்கு, அது யாருடைய பெயர் என்று விவரமாக அந்தப் பத்திராதிபருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம்.