டி.எஃப். என்ற அந்தக் கட்டம்

மதுரைப் பக்கத்து ஆய்வேடுகளில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் அட்டவணை வந்தால் பி-மதிப்புக்கு நட்சத்திரம் போடுவார்கள். ஆட்ஸ் ரேஷியோவுக்கு ஒரு பத்தி எழுதுவார்கள். நடுவில் 'டி.எஃப்.' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை ஒருவரும் தொடுவதில்லை. கேட்டால் "அது சாஃப்ட்வேர் போடுறது சார்".

போடுவது உண்மைதான். ஆனால் சொன்னதைத்தானே போடும்?

மேலூர் 1, உசிலம்பட்டி 2, திருமங்கலம் 3, வாடிப்பட்டி 4, பேரையூர் 5 என்று குறியிட்டு, இது வகை என்று அறிவிக்காமல் எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் ஓட்டினால் தாலுகாவுக்கு நேரே டி.எஃப். 1 என்று வரும். வரவேண்டியது 4. ஐந்தில் ஒன்று ஒப்பீட்டுக்குப் போய்விடும். 1 வந்தால் என்ன அர்த்தம்? மேலூரிலிருந்து உசிலம்பட்டிக்கு ஆட்ஸ் எத்தனை மடங்கு மாறுகிறதோ, உசிலம்பட்டியிலிருந்து திருமங்கலத்துக்கும் அதே மடங்கு மாறவேண்டும் என்று அர்த்தம். அகர வரிசையில் குறியிட்டிருந்தால் முடிவே வேறு! இதைப் பிடிக்கப் பெரிய கணக்கு வேண்டாம், அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும்.

இதைவிட மோசம், 'ஆர்' மென்பொருளின் ரெசிடுவல் டீவியன்ஸை டி.எஃப்.ஆல் வகுத்து "மாடல் நன்றாகப் பொருந்துகிறது" என்று எழுதுவது. 400 பேர், ஐந்து தாலுகா, ஆண்/பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வரியாகக் கொடுத்தால் டி.எஃப். 400 - 6 = 394. அதே ஆட்களைப் பத்துக் கட்டங்களாகத் தொகுத்துக் கொடுத்தால் 10 - 6 = 4. கெழுக்கள் துளியும் மாறாது. ஆக, தனித்தனி 0/1 தரவில் அந்த 394 பொருத்தம் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. தொகுத்த தரவின் 4 சொல்லும்.

கார்ல் பியர்சனே இடறிய இடம்தான் இது. 1900-ல் கை-வர்க்கத்தைத் தந்தவர், 2×2 அட்டவணைக்கு 3 என்றார். 1 தான் என்று ஃபிஷர் 1922-ல் திருத்தினார். அது தெரியாமல் செய்தது. இங்கே நடப்பது பார்க்காமல் செய்வது.

கடைசியாக, கள ஆய்வு. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளாக்கோமா ஆய்வு (2003-ல் வெளியானது) தென் மாவட்டங்கள் மூன்றில் 50 கொத்துகளிலிருந்து 5150 பேரைப் பார்த்தது. இப்படிக் கொத்தாக எடுத்த தரவைச் சாதாரண லாஜிஸ்டிக்கில் போட்டால் டி.எஃப். ஐயாயிரத்துச் சொச்சம் என்று காட்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீர், ஒரே வெயில், ஒரே கூலி வேலை. சோதனைக்கு உதவும் டி.எஃப். கொத்துகளின் எண்ணிக்கையிலிருந்து அடுக்குகளைக் கழித்தது, அதாவது அதிகபட்சம் 49. அதே ஊரில் இன்னும் நூறு பேரைச் சேர்த்தாலும் அது ஏறாது, ஐம்பத்தோராவது ஊருக்குப் பஸ் ஏறினால்தான் ஏறும்.