காலையில் பத்து, இரவில் பத்து

எங்கள் தெருமுனையில் புதிதாக முளைத்திருக்கும் கோச்சிங் சென்டர், 50 நாளில் 1,000 'அட்வான்ஸ்டு' ஆங்கில வார்த்தைகளைத் தலைக்குள் இறக்கித் தருகிறதாம். காலையில் பத்து, இரவில் பத்து. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை மட்டும் பேனரில் போடவில்லை.

மாடி வீட்டுப் பெண் சேர்ந்துவிட்டாள். மொட்டை மாடிக் கொடியில் துணிகளுக்கு நடுவே கிளிப் போட்டு அட்டைகள் தொங்குகின்றன. முன்பக்கம் சிவப்பு மையில் வார்த்தை, பின்பக்கம் அர்த்தம். "வொக்காபுலரி ஸ்ட்ராங்கா இருந்தா இன்டர்வியூல அள்ளிடுவா சார்" என்கிறார் அவள் அப்பா.

அப்படியானால் நாவலாசிரியர் ஆர்.கே. நாராயணுக்கு எந்தக் கம்பெனியும் வேலை கொடுத்திருக்காது. புரசைவாக்கத்தில் 1906-இல் பிறந்த அந்த மனிதர், கல்லூரியில் நுழைவதற்கான தேர்வில் ஆங்கிலத்திலேயே கோட்டை விட்டவர். அவருடைய 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவல் 1935-இல் லண்டனில் வெளிவந்தது. பதிப்பாளரைப் பிடித்துக் கொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன். எட்டாம் வகுப்புப் பையன் அகராதியைத் தொடாமல் படிக்கிற ஆங்கிலம் அது. அவருடைய இன்னொரு நாவலில் வரும் மார்கய்யா ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, கூட்டுறவு வங்கிக் கடனுக்கு விவசாயிகளுக்கு வழி சொல்கிறாரே, அந்தப் பெட்டிக்குள் சிவப்பு மை அட்டை ஒன்றுகூடக் கிடையாது.

எழுத்தாளர் சசி தரூருக்கு இந்த எளிய ஆங்கிலம் போதவில்லை. நாராயண் காலமான 2001-லேயே அவருடைய மொழியைக் குறை சொல்லி எழுதினார். அதே தரூர் 2018-இல் ட்விட்டரில் 29 எழுத்து வார்த்தை ஒன்றை இறக்கியதும் ஊரே அகராதியைப் புரட்டியது. புரட்டியவர்களில் யாராவது அதை ஒரு காரியத்துக்காவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள். நாராயணை இன்றைக்கும் படிக்கிறார்கள்.

அமெரிக்கக்காரனே அலுத்துப்போய்விட்டான். மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகளை 2011-இல் தூக்கிவிட்டார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வும் 2016-இல் புழக்கமில்லாத வார்த்தைகளைக் கைகழுவியது. அந்தப் பழைய சரக்குதான் இங்கே தள்ளுபடியில் போகிறது.

வாங்குகிறவர்கள் சும்மா இருக்கிறார்களா? வேலைக்குப் போய் நமக்குக் கடிதம் எழுதுகிறார்கள். என் சித்தப்பாவுக்கு ஒரு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்று ஒரு வரியில், அதுவும் தமிழில், சொல்லியிருக்கலாம். ஒன்றரைப் பக்க ஆங்கிலம். மூன்று முறை படித்தும் எனக்கே பிடிபடவில்லை. ஏலத் தேதி மட்டும் எண்ணில் இருந்ததால் சித்தப்பாவுக்குப் புரிந்தது.